பேரேடு சொன்னதும் குழல் சொன்னதும்

ரைஃபிளோடு வந்த விற்பனைச் சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘வின்செஸ்டர் ஒற்றைத் தோட்டா ரைஃபிள். 1890-கள். அசல் நிலை. .22 ஹார்னெட். போப் குழல்.’ அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பொறியாளராக இருக்கும் என் கல்லூரி நண்பன், சீட்டையும் ரைஃபிளையும் பல கோணங்களில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். “காசு கொடுத்து வாங்கிட்டேன்டா. இதுல எவ்வளவு நிஜம்னு நீதான் பார்த்துச் சொல்லணும்” என்பது அவன் கோரிக்கை.

நான் துப்பாக்கி பிடிப்பவன் அல்ல. பழைய தொழிற்சாலைகளின் கணக்கேடுகளையும் விலைப்பட்டியல்களையும் வைத்துக்கொண்டு, ஒரு பொருள் எப்படி உருவாகி எப்படிக் கைமாறியது என்று தேடுவது என் வேலை. ஆனால் அந்தச் சீட்டு இடிக்கிறது என்று சொல்லத் துப்பாக்கி அறிவு வேண்டியதில்லை. .22 ஹார்னெட் என்ற தோட்டா கடைக்கு வந்தது 1930-இல். 1890-களில் செய்த ரைஃபிள் அசல் நிலையில் இருந்துகொண்டே அந்தத் தோட்டாவைச் சுட வழியில்லை. ஆண்டு பொய்யாக இருக்க வேண்டும். அல்லது ஆண்டும் தோட்டாவும் உண்மையாகவே இருந்து, ‘அசல் நிலை’ என்ற இரண்டு சொற்கள் பொய்யாக இருக்க வேண்டும். இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றால் யார், எப்போது, எதற்காக? தேடல் அங்கே தொடங்கியது.

ஆக்டன் பட்டறையிலிருந்து

ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் தோட்டாப் பெட்டி கிடையாது. ஒரு தோட்டாவை வைத்துச் சுட்டு, வெற்றுக் கூட்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை வைக்க முடியும். வின்செஸ்டரின் அமைப்பில் விசைக்குக் கீழே உள்ள லீவரை இறக்கினால், குழலின் பின்வாயை மூடியிருக்கும் எஃகுக் கட்டை நேர்கீழாக இறங்கும். லீவரை ஏற்றினால் கட்டை எழுந்து வாயை அடைக்கும். கட்டைக்குப் பின்னால் எஃகு உடலின் இரண்டு பக்கமும் சுவர்போல நிற்பதால் வெடிப்பின் உதையை அது தாங்கிக்கொள்ளும். உறுப்புகள் குறைவு, பலம் அதிகம். இன்றும் இந்த ரைஃபிள்களைத் தேடி வாங்குவோர் இருப்பதற்கும், குழலை மாற்றி வேறு தோட்டாவுக்குப் பழக்குவோர் இருப்பதற்கும் இந்தப் பலம்தான் காரணம்.

மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மாறாத வடிவம் எது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குச் சிறந்த ஆவணம் காப்புரிமை வரைபடம். அமெரிக்கக் காப்புரிமை எண் 220,271. விண்ணப்பித்தது 1879 மே 12, வழங்கப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 7. விண்ணப்பித்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டாவின் ஆக்டன் ஊரில் துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் மகன். அப்போது வயது 24. சகோதரர்களோடு சேர்ந்து சொந்தப் பட்டறையில் சுமார் 600 ரைஃபிள்கள் செய்து விற்றார். அதில் ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1883-இல் அந்நிறுவனத்தின் தாமஸ் பென்னட் கிழக்குக் கரையிலிருந்து ஆக்டன்வரை பயணம் செய்து, 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிக்கொண்டு திரும்பினார். 1885-இல் வின்செஸ்டர் தன் பெயரில் ரைஃபிளைச் சந்தைக்கு விட்டது. 1920-இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறக்குறைய 1,40,000 ரைஃபிள்கள் அந்த ஆலையிலிருந்து வெளியேறின.

ஆலைக்குள் வந்த பிறகும் வடிவம் அப்படியே நிற்கவில்லை. தொடக்க கால ரைஃபிள்களில் சுத்தியலை இயக்குவது ஒரு தட்டை வில். அது முன்மரத்துக்குள் மறைந்து, குழலின் அடிப்பக்கத்தில் வெட்டிய பள்ளத்தில் ஊன்றி நிற்கும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் பிற்பகுதியில் அதற்குப் பதில் சுருள் வில் வந்தது; குழலில் பள்ளம் வெட்டும் தேவை ஒழிந்தது. நண்பன் முன்மரத்தைக் கழற்றி எடுத்த படத்தில் தட்டை வில்தான் தெரிந்தது. எஃகு உடல் பழையதுதான் என்பதற்கு அது முதல் சாட்சி. அந்த வில் ஊன்றியிருந்த பள்ளத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கோடி நகரத்துப் பேரேடு

வின்செஸ்டர் ஆலை இருந்தது கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில். 1931-இல் நிறுவனம் நொடித்துப்போய், ஓலின் குடும்பத்தின் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனம் அதை வாங்கியது. நல்லவேளையாகப் பழைய பேரேடுகள் குப்பைக்குப் போகவில்லை. ஆலையின் துப்பாக்கித் தொகுப்போடு அவையும் 1970-களில் வயோமிங் மாநிலத்தின் கோடி நகருக்கு இடம்பெயர்ந்தன. இன்று அங்குள்ள ‘பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட்’ வளாகத்தின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பேரேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ளதை எழுதிக் கடிதமாக அனுப்புகிறார்கள். சேகரிப்பாளர்கள் உலகில் அந்தக் கடிதம் இல்லாத பழைய வின்செஸ்டருக்கு ஜாதகம் இல்லாத வரனின் நிலைமைதான்.

இந்த மாதிரிக்கு 1 முதல் 1,09,999 வரையுள்ள எண்களுக்கே பேரேடு உண்டு. அதற்குப் பிந்திய ஏறக்குறைய 30,000 ரைஃபிள்கள் தங்கள் கதையை உலோகத்தைக் கொண்டே சொல்லிக்கொள்ள வேண்டும். நண்பனுடைய ரைஃபிளின் வரிசை எண் கீழ்த்தகட்டில் தெளிவாக இருந்தது. பேரேட்டின் எல்லைக்குள்ளும் இருந்தது.

கடிதம் வந்தது. தோட்டா: .32-40. குழல்: எண்கோண வடிவம், எண் 3 பருமன். விசை: சாதாரணம். கிடங்குக்கு வந்ததும் அனுப்பப்பட்டதும் 1890-களின் நடுப்பகுதி. பழுதுபார்க்கத் திரும்பி வந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை.

வாங்கியவர் யார் என்பதும் இல்லை. மற்றொரு துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டின் பதிவுகளில் சரக்கு எந்த வியாபாரிக்கு, எந்த ஊருக்குப் போனது என்பது இருக்கும். ஒரு மனிதரின் பெயர் கிடைத்தால் அங்கிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஊர்ச் செய்தித்தாள் என்று போகலாம். வின்செஸ்டரின் கணக்கர்களோ பொருளை விவரித்தார்களே தவிர, பொதுவாக ஆளைக் குறிக்கவில்லை. ஆகவே உரிமையாளரைத் தேடும் வழி அடைபட்டது. ரைஃபிளையே விசாரிக்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் அந்தச் சில வரிகள் சீட்டின் பாதியைத் தீர்த்துவிட்டன. ஆண்டு உண்மை. நண்பனுக்கு இதில் சட்ட முக்கியத்துவமும் உண்டு: 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைத் தொல்பொருளாகத் தனியே பிரிக்கிறது. அங்கே எஃகு உடல் செய்யப்பட்ட காலம்தான் கணக்கு. குழலை யார் எப்போது மாற்றினார்கள் என்பதல்ல. இந்த 1898 என்ற கோடு விலையையும் நகர்த்துகிறது. அதனால்தான் விற்பவர்கள் எண்ணைப் பார்த்து, கிடைக்கும் ஆண்டுப் பட்டியல்களில் தங்களுக்குச் சாதகமானதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அச்சில் உள்ள பட்டியல்களும் ஆலைப் பதிவும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஐயம் வரும் இடத்தில் பேரேட்டின் சொல்லே இறுதி.

அசல் என்பது எது?

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வின்செஸ்டரின் பழைய விலைப்பட்டியல்களைப் படித்தேன். அவற்றின் மின்படிகளும் மறுபதிப்புகளும் கிடைக்கின்றன. படிக்கப் படிக்க, ‘அசல் நிலை’ என்று நாம் நினைத்துக்கொள்ளும் ஒற்றை வடிவம் இந்த ரைஃபிளுக்கு இருந்ததே இல்லை என்பது புரிந்தது.

குழல் வட்டமா, எண்கோணமா, பாதி வட்டமா? பருமன் 1 முதல் 5 வரை எது? நீளம் எவ்வளவு? லேசாகத் தொட்டாலே விடுபடும் ‘செட் ட்ரிக்கர்’ வேண்டுமா, வேண்டுமென்றால் ஒற்றையா இரட்டையா? பின்மரம் நேரானதா, கைப்பிடி வளைவு கொண்டதா, கன்னம் வைத்துச் சுடும் மேடு கொண்டதா? சாதா வால்நட் மரமா, அலையலையாக ரேகையோடும் மரமா? ஜெர்மானியக் குடியேறிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ‘ஷூட்ஸன்’ குறிசுடும் போட்டிகளுக்கென்று கொம்பு நீண்ட பின்தகடு வேண்டுமா? தோட்டாவிலோ, சின்னஞ்சிறு .22 ஷார்ட்டிலிருந்து .50 அளவுவரை ஏறக்குறைய 60 வகை. வாங்குபவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆலை செய்து கொடுத்தது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு. பேரேட்டில் ஒரு கூடுதல் குறிப்பு.

அதாவது இது பிறக்கும்போதே வாங்குபவரின் அளவுக்குத் தைத்த பொருள். பின்னாளில் ஒருவர் குழலை மாற்றினார் என்றால், ஆலை தொடங்கி வைத்த பழக்கத்தையே அவர் தொடர்ந்தார். ஒரே வேறுபாடு, ஆலை செய்ததை எழுதி வைத்தது. பட்டறைக்காரர் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. தேடலின் கடினம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகிறது.

நீள்வட்டத்துக்குள் ஓர் எழுத்து

பேரேடு எண்கோணக் குழல் என்றது. படத்தில் இருந்தது வட்டக் குழல், கனமானது. முதல் பார்வைக்கு வின்செஸ்டர் செய்ததுபோலவே இருந்தது. கம்பெனியின் பெயரும் ஊரும் அதற்கே உரிய எழுத்துருவில் இருந்தன. ஆலையிலேயே மாற்றியிருப்பார்களோ என்று தோன்றும். இதைத் தீர்த்து வைத்தது குழலின் பின்முனையருகே ஒரு சிறு பொறிப்பு.

வின்செஸ்டர் தன் சோதனை முத்திரையை ரைஃபிள்களில் குத்தத் தொடங்கியது 1905-இல். அளவுக்கு மீறி மருந்திட்ட தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத் தேறியவற்றுக்கு, நீள்வட்டத்துக்குள் ‘டபிள்யூ’, ‘பி’ என்ற இரண்டு எழுத்துகள் பின்னிய முத்திரை. குழலில் ஒன்று, உடலில் ஒன்று. நண்பனுடைய ரைஃபிளின் உடலில் எந்த முத்திரையும் இல்லை. 1890-களின் பொருளுக்கு அது இயல்பு. குழலில் இருந்தது. ஆனால் அதில் ‘டபிள்யூ’ இல்லை. நீள்வட்டத்துக்குள் ‘பி’ மட்டும்.

சேகரிப்பாளர்கள் இதை அஞ்சல் முத்திரை என்கிறார்கள். ரைஃபிளோடு சேராமல், உதிரிப் பாகமாக ஆலையை விட்டு வெளியேறிய குழலுக்கு இட்ட அடையாளம் அது. ஆலையில் பொருத்தியிருந்தால் இரட்டை எழுத்து முத்திரை குழலிலும் உடலிலும் விழுந்திருக்கும். ஆகவே மூன்று செய்திகள் ஒரே எழுத்தில் கிடைத்தன: குழல் வின்செஸ்டருடையது, 1905-க்குப் பிந்தியது, இந்த உடலில் அதைப் பொருத்தியது நியூ ஹேவன் ஆலை அல்ல.

தட்டை வில்லின் பள்ளத்துக்கு இப்போது வருவோம். ஆலை வெட்டிய பள்ளத்தில் விளிம்புகள் நேராக, அடி சமதளமாக இருக்கும். இந்தக் குழலின் அடியில் இருந்த பள்ளத்தில் அரம் ஓடிய கீறல்கள் குறுக்கே தெரிந்தன; ஒரு மூலை மற்றதைவிட ஆழம். சுருள் வில் காலத்துக் குழலுக்குப் பள்ளமே இருந்திருக்காது. பழைய உடலில் அதைப் பொருத்த வந்தவர் தட்டை வில்லுக்கு இடம் வேண்டுமென்று கையாலேயே அராவியிருக்கிறார். பெயர் எழுதாத அந்தக் கையின் முதல் தடம் அது.

குழலின் மேலே தோட்டாவின் பெயர் பொறித்த இடத்தில் இன்னொரு தடம். ‘22 லாங் ரைஃபிள்’ என்ற ஆலைப் பொறிப்பு பாதி தேய்க்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் ‘ஹார்னெட்’ என்று ஒவ்வோர் எழுத்தாகக் கையால் குத்தியிருந்தார்கள். எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்கவில்லை.

போப் குழலா?

சீட்டில் மிச்சமிருந்த கூற்று, போப். அமெரிக்கக் குறிசுடும் உலகில் இந்தப் பெயருக்கு உள்ள மதிப்பு பெரிது, விலையும் பெரிது. ஹாரி போப் 1861-இல் பிறந்தவர். கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் வேலை பார்த்துக்கொண்டே துல்லியக் குழல்கள் கடையத் தொடங்கினார். 1901-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கிக்கொண்டது; அந்தக் காலத்துக் குழல்கள் ஸ்டீவன்ஸ்-போப் என்று பெயர் தாங்கின. பிறகு 1906-இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை போட்டார். போட்ட கையோடு அந்த ஏப்ரல் மாதப் பெரும் நிலநடுக்கமும் தீயும் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோயின. கடைசியில் நியூ ஜெர்ஸியின் ஜெர்ஸி சிட்டியில் தங்கி, முதிய வயதுவரை குழல் கடைந்து, 1950-இல் இறந்தார்.

அவருடைய வேலைக்குக் குழலுக்குள்ளேயே கையெழுத்து உண்டு. குண்டைச் சுழல வைப்பதற்காகக் குழலின் உட்சுவரில் ஓடும் திருகுவரிப் பள்ளங்கள் போப்பிடம் எட்டு. அவை இடப்பக்கமாகச் சுழலும். வாயை நெருங்க நெருங்கச் சுழற்சி இறுகிக்கொண்டே போகும். ரைஃபிளின் வாயிலிருந்து உள்ளே வெளிச்சம் அடித்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பள்ளங்கள் வலப்பக்கம் சுழன்றன, எண்ணிக்கை ஆறு. போப் தன் குழல்களில் பெயர் பொறிப்பவர். இதில் பெயர் இல்லை. போப்பின் கதையை முழுவதும் படித்தும், அதில் இந்த ரைஃபிளுக்கு ஒரு வரிகூட இடம் இல்லை என்பதுதான் முடிவு. சீட்டின் இரண்டாவது பொய் இது.

தோட்டா முந்தியது, ரைஃபிள் பிந்தியது

அப்படியென்றால் எதற்காக இந்த மாற்றம்? .32-40-ஐச் சுடும் நல்ல ரைஃபிளைப் பிரித்து, .22 குழலைப் பொருத்தி, அதையும் குடைந்து ஹார்னெட்டுக்கு ஏற்றியது ஏன்? விடை 1920-களின் ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கல ஆலையைச் சுற்றி இருக்கிறது.

1885-இல் இந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கென்றே வின்செஸ்டர் உருவாக்கிய தோட்டாக்களில் ஒன்று .22 டபிள்யூ.சி.எஃப். கருமருந்துத் தோட்டா, 45 கிரெய்ன் ஈயக் குண்டு, வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 அடி. காலப்போக்கில் அதைக் கேட்பாரில்லாமல் போயிற்று. 1920-களின் இறுதியில் கேப்டன் குரோவ்னர் வாட்கின்ஸ், கர்னல் டவுன்சென்ட் வீலன் முதலிய சிலர் அந்த மறந்துபோன கூட்டை எடுத்து, புகையில்லா மருந்து நிரப்பி, உலோக உறை கொண்ட குண்டு வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். வேகம் 2,400 அடியை ஒட்டி எகிறியது. சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டவை புதிதாகக் கடைந்த குழல்கள் அல்ல. ஸ்பிரிங்ஃபீல்ட் 1922 மாதிரி .22 பயிற்சி ரைஃபிளின் குழல்களையே, தோட்டா அமரும் அறையைக் குடைந்து பயன்படுத்தினார்கள். அந்தக் குழலின் உள்ளளவும் சுழற்சியும் புதிய தோட்டாவுக்குப் பொருந்திப்போயின. வின்செஸ்டர் 1930-இல் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இங்கேதான் வேடிக்கை. தோட்டா கடைக்கு வந்துவிட்டது. அதைச் சுடுவதற்கென்று எந்தக் கம்பெனி ரைஃபிளும் அப்போது இல்லை. வின்செஸ்டரே தன் மாடல் 54-ஐ ஹார்னெட்டில் கொடுக்கச் சில ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஆசைப்பட்டவர்கள் பட்டறைகளைத் தேடிப் போனார்கள். பெருமந்தக் காலம், கையில் காசு குறைவு. பரணில் கிடந்த பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள் மலிவு, உடல் பலமானது. ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழின் அந்தக் காலத்துப் பக்கங்களைப் புரட்டினால், குழல் மாற்றித் தருகிறோம், அறை குடைந்து தருகிறோம் என்ற பட்டறை விளம்பரங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. மிச்சிகனின் டொவாஜியாக் ஊரில் அடால்ஃப் நீட்னர் தொடங்கிய பட்டறை அவற்றில் புகழ்பெற்ற ஒன்று.

நண்பனுடைய ரைஃபிளில் இருந்த .22 லாங் ரைஃபிள் குழல் இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது. சீரான ஈயக் குண்டு ஒன்றைக் குழலுக்குள் தள்ளி, அதில் பதிந்த தடத்தை மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்கச் சொன்னேன். 0.223 அங்குலத்தை ஒட்டி வந்தது. பிற்கால ஹார்னெட் குழல்களின் அளவு 0.224, தொடக்க காலத்தவை 0.223. .22 லாங் ரைஃபிள் குழலைக் குடைந்தால் கிடைக்கக்கூடிய அளவும் அதுதான்.

ஊசி சொன்ன கடைசிச் சாட்சி

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இந்த ரைஃபிள் இடையில் .22 லாங் ரைஃபிளாகச் சில காலம் வாழ்ந்து, பிறகு ஹார்னெட்டாக மாறியதா? அல்லது .32-40-இலிருந்து நேரடியாக ஹார்னெட்டுக்குத் தாவியதா?

.22 லாங் ரைஃபிள் விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் தோட்டா; .32-40-உம் ஹார்னெட்டும் நடுவில் அடிபடும் தோட்டாக்கள். ஆகவே அடைப்புக் கட்டையின் முகத்தைப் பார்த்தால் போதும். நண்பன் கட்டையைக் கழற்றி அனுப்பிய படத்தில், நடுவில் ஒரு மெல்லிய வட்டக் கோடு. வட்டத்துக்கு நடுவே பொடி ஊசித் துளை. விளிம்பில் எந்தத் துளையும் இல்லை, அடைத்த தடமும் இல்லை.

அந்த வட்டத்துக்குப் பொருள் உண்டு. கருமருந்துக் காலத்து ஊசி தடிமனானது, துளையும் பெரியது. புகையில்லா மருந்தின் அழுத்தத்தில் தோட்டாவின் அடித்தொப்பி அந்தப் பெரிய துளைக்குள் பிதுங்கும். சில சமயம் கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். இதைத் தடுக்கப் பட்டறைக்காரர்கள் பழைய துளையைப் பெரிதாக்கி, எஃகுச் செருகி ஒன்றைத் திருகி அடைத்து, அதன் நடுவில் மெல்லிய ஊசிக்குப் புதுத் துளை இடுவார்கள். நீட்னரும், 1909-இல் குண்டின் பறத்தலைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய மருத்துவர் ஃபிராங்க்ளின் மானும் பரப்பிய முறை அது. கருமருந்து உடலில் புகையில்லாத் தோட்டாவைச் சுட நினைப்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலையும் அதுவே. இந்த ரைஃபிளை மாற்றியவர் அதைச் சரியாகவே செய்திருக்கிறார். அரம் பிடிக்கும்போது அவசரம். ஆனால் உயிர் போகும் இடத்தில் கவனம்.

இன்னொரு சிறு சான்று: குழலின் மேல் தொலைநோக்கி பொருத்த இரண்டு சிறு மேடைகள். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு 7.2 அங்குலம். திருகின் ஒவ்வொரு சொடுக்குக்கும் கால் நிமிடக் கோணம் நகர வேண்டுமென்று குறிசுடும் தொலைநோக்கிகளுக்கு வழக்கமாகிவிட்ட இடைவெளி அது. ஆளை மிரட்டும் அலங்காரத்துக்கு யாரும் இந்தக் கணக்கைப் பார்த்துத் துளையிட மாட்டார்கள். துல்லியமாகச் சுட நினைத்த ஒருவர், சுட்டும் இருக்கிறார்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வரலாறு இப்படி நிற்கிறது. 1890-களின் நடுவில் .32-40 ரைஃபிளாக நியூ ஹேவனை விட்டுக் கிளம்பியது. 1930-க்குப் பிறகு, பெயர் குத்தாத ஒரு பட்டறையில், உதிரியாக வாங்கிய வின்செஸ்டர் .22 குழலை ஏற்று, நேரடியாக ஹார்னெட் ஆனது. சீட்டில் சொன்ன ஆண்டு சரி, தோட்டா சரி. ‘அசல்’ தவறு, ‘போப்’ தவறு. ஆனால் சீட்டு எழுதியவருக்குத் தெரியாமலேயே அதைவிடச் சுவையான உண்மை ஒன்று ரைஃபிளில் இருந்தது. ஹார்னெட்டின் முன்னோடியான .22 டபிள்யூ.சி.எஃப். பிறந்தது இதே ரைஃபிளுக்காக. 45 ஆண்டு கழித்து, வேகம் கூடி, அதே ரைஃபிளின் அறைக்குள் அது திரும்பி வந்திருக்கிறது.

நண்பன் இரண்டாவது கேள்வியைக் கேட்டான்: “திரும்ப .32-40 ஆக்கிடலாமா? எண்கோணக் குழல் தேடிப் பிடிச்சுப் போட்டா, பேரேடு சொல்ற மாதிரியே ஆயிடுமே?” வேண்டாம் என்றேன். பேரேட்டுக்குப் பொருந்தும் பழைய குழல் சந்தையில் கிடைக்கும். பொருத்திய மறுநாளே இது ‘அசல்’ என்று விலை ஏறும். அப்படிச் செய்தால் 1930-களின் உண்மையான ஒரு சான்று அழிந்து, அந்த இடத்தில் 1890-களின் போலி ஒன்று உருவாகும். அருங்காட்சியகக் கடிதமே அந்தப் போலிக்குச் சாட்சியாகவும் ஆகிவிடும். பேரேட்டைப் படித்துவிட்டுப் போலி செய்பவரைப் பேரேட்டால் பிடிக்க முடியாது.

வாங்குவோருக்கு

பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வாங்க நினைப்பவர்களுக்கு இந்தத் தேடல் விட்டுச்சென்ற வரிசை இது. விலை பேசுவதற்கு முன் வரிசை எண்ணைக் குறித்து, பேரேடு உள்ள எல்லைக்குள் வருகிறதா பாருங்கள். வந்தால் கடிதம் கேளுங்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு குழலின் அடியையும் சோதனை முத்திரையையும் பாருங்கள். உடலின் முத்திரையும் குழலின் முத்திரையும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். அடைப்புக் கட்டையைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். குழலின் உள்ளளவை அளக்காமல், மேலே பொறித்த பெயரை நம்பித் தோட்டா வாங்காதீர்கள். தேர்ந்த துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சுடவும் வேண்டாம்.

மாற்றியமைக்க ஆசைப்படுவோர் அதற்கென்று ஏற்கெனவே மாற்றப்பட்ட ரைஃபிளைத் தேடிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவை மலிவு, நிறையவும் கிடைக்கின்றன. பேரேட்டோடு முழுவதும் பொருந்தும் ஒன்று கையில் வந்தால், அதில் புதுத் துளை போடாதீர்கள். கழற்றிய பாகங்களைத் தூக்கி எறியாமல் ரைஃபிளோடு வையுங்கள். செய்த வேலை, செய்தவர் பெயர், ஆண்டு, தோட்டா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். முன்மரம் மறைக்கும் இடத்தில் குழலின் அடியிலும் பொறித்துவிடுங்கள். மாற்றுவதில் தவறில்லை. மாற்றியதை மறைத்து அசல் என்று விற்பதே மோசடி. நண்பன் அந்தப் பழைய சீட்டை எடுத்துவிட்டு, கடிதத்தின் நகலையும் மேலே சொன்ன வரலாற்றையும் ரைஃபிளின் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். என்றாவது விற்றால், அந்தத் தாளோடுதான் விற்க வேண்டும்.